732603: ஒரே எண்ணில் இரண்டு முறை விற்ற தட்டு

பழைய இசைத்தட்டு விற்பவர்களின் பட்டியலில் இந்த வரி அடிக்கடி கண்ணில் படும்: "மரே ஹெட், சூப்பர்ஸ்டார், டெக்கா 732603, 1969 முதல் அச்சு, பட உறையுடன், நியர் மின்ட்." பாடகர், பாட்டு, எண் மூன்றும் லேபிளிலேயே இருக்கும், சரிபார்க்க அரை நிமிடம் போதும். விலையை ஏற்றுவது மிச்ச மூன்றும்தான்: ஆண்டு, உறை, தரம். அமெரிக்கத் தட்டின் லேபிளில் அச்சான ஆண்டு இருக்காது. உறை வேறொரு தட்டிலிருந்து மாறி வந்திருக்கலாம். தரம் (நியர் மின்ட் என்றால் ஏறக்குறையப் புதிது) என்பது விற்பவரின் கருத்து. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எப்படிச் சோதிப்பது, எது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே இந்த ஆய்வு.

தட்டின் கதை தெரியாமல் ஆண்டுக் கணக்கு புரியாது. "ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்" முதலில் மேடை நாடகமாகவோ படமாகவோ வரவில்லை. பாட்டாலேயே கதை சொல்லும் ராக் ஆப்பராவாக, இரட்டை எல்பியில், அதாவது இரண்டு நீளத்தட்டுகளில்தான் வந்தது. அந்த எல்பிக்கும் ஏறக்குறைய ஓராண்டு முன்னால் வந்தது இந்தச் சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள சிறிய தட்டு. ஆண்ட்ரூ லாயிட் வெப்பரும் டிம் ரைஸும் அப்போது பெரிய பெயர்கள் இல்லை. முழு ஆப்பராவுக்குப் பணம் போடுவதற்கு முன் ஒரே ஒரு பாட்டை வெளியிட்டு ஆழம் பார்க்கலாம் என்று அமெரிக்க டெக்காவின் சொந்தக்காரரான எம்சிஏ நிறுவனம் முடிவு செய்தது. யூதாஸின் குரலில் மரே ஹெட் பாடினார். லண்டனில் "ஹேர்" இசை நாடகத்தில் நடித்தவர். பின்னணியில் ஜோ காக்கரோடு வாசித்த கிரீஸ் பேண்ட், ஓர் ஆர்கெஸ்ட்ரா, டிரினிடாட் சிங்கர்ஸ் என்ற பாடகர் குழு. பிரிட்டனில் 1969 நவம்பரிலும் அமெரிக்காவில் டிசம்பரிலும் தட்டு கடைக்கு வந்தது.

பிரிட்டனில் அது எடுபடவில்லை. அமெரிக்காவில் 1970 தொடக்கத்தில் பில்போர்டு ஹாட் 100 என்ற வாராந்தர வெற்றிப் பட்டியலில் 74ஆம் இடம் வரை போய் இறங்கிவிட்டது. 1970 அக்டோபரில் இரட்டை எல்பி வந்தது. இயேசுவாக டீப் பர்ப்பிளின் இயன் கில்லன், மகதலேனா மரியாளாக இவான் எலிமன், யூதாஸாக மீண்டும் மரே ஹெட். 1971இல் அந்த எல்பி அமெரிக்காவில் முதலிடத்துக்கு ஏறியது. அந்த வேகத்தில் பழைய சிங்கிளும் மறுபடி பட்டியலுக்குள் நுழைந்து 14ஆம் இடத்தைப் பிடித்தது. எண் மாறவில்லை. அதே டெக்கா, அதே 32603. முன்னால் வரும் 7 சில அச்சுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

74ஆம் இடம் வரை போன தட்டு எத்தனை விற்றிருக்கும், 14ஆம் இடம் வரை போனது எத்தனை விற்றிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே விடை வந்துவிடும். கைக்கு வரும் பத்துத் தட்டில் பெரும்பாலானவை இரண்டாம் அலையைச் சேர்ந்தவையாகத்தான் இருக்க முடியும். ஆனால் பட்டியல்களில் எல்லாமே "1969" என்று நிற்கும், ஏனென்றால் பட்டியல் போடுபவர் எண்ணைப் பார்த்து ஆண்டை எழுதுகிறார். எண் சொல்வது இந்த வெளியீடு எப்போது தொடங்கியது என்பதை மட்டும். கையிலிருக்கும் தட்டு எப்போது அழுத்தப்பட்டது, அதாவது தொழிற்சாலையில் அச்சிலிருந்து வெளிவந்தது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

லேபிள்: எது நிற்கும், எது நிற்காது

உறுதியாக நிற்கும் கோடு ஒன்று உண்டு. 1973இல் எம்சிஏ அமெரிக்காவில் டெக்கா என்ற பெயரையே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் எம்சிஏ லேபிளுக்கு மாற்றியது. ஆகவே அமெரிக்க அச்சில் எம்சிஏ லேபிள் இருந்தால் அது 1973 அல்லது அதற்குப் பிந்தையது, பேச்சே இல்லை. சிறிய புகைப்படத்தில் இது ஏமாற்றும். இரண்டு லேபிளும் கறுப்பு, இரண்டிலும் பல வண்ணப் பட்டை. டெக்காவில் அந்தப் பட்டை லேபிளின் நடுவே குறுக்காக, நேர்க்கோடாக ஓடும். எழுபதுகளின் எம்சிஏ லேபிளில் அது வானவில்லாக வளைந்திருக்கும். விற்பவர் அனுப்பும் படம் மங்கலாக இருந்தால் பட்டை நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும்.

இன்னொரு குழப்பம் பெயரால் வருவது. அமெரிக்க டெக்காவும் பிரிட்டிஷ் டெக்காவும் அந்தக் காலத்தில் வேறு வேறு நிறுவனங்கள். அமெரிக்க டெக்கா எம்சிஏவுக்குச் சொந்தம். அதனால் இந்தப் பாட்டு பிரிட்டனில் எம்சிஏ லேபிளில், எம்கேஎஸ் 5019 என்ற எண்ணில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த எம்சிஏ தட்டுகளைப் பிரிட்டனில் அழுத்திக் கொடுத்ததே பிரிட்டிஷ் டெக்காதான். "பிரிட்டிஷ் டெக்கா ஒரிஜினல்" என்று யாராவது எழுதியிருந்தால் அவரிடம் இருப்பது பெரும்பாலும் அமெரிக்கத் தட்டு.

லேபிளில் பாட்டின் பெயருக்குக் கீழே "ஜீசஸ் கிரைஸ்ட் என்ற ராக் ஆப்பராவிலிருந்து" என்று இருக்கும். ஆப்பராவுக்கு முழுப் பெயர் அப்போது ஒட்டவில்லை. சூப்பர்ஸ்டார் என்பது பாட்டின் பெயர் மட்டுமே. பலர் இந்தக் குறும்பெயரைப் பார்த்ததும் 1969 என்று முடிவு கட்டுகிறார்கள். அது அவசரம். எதிர்த்திசையில் மட்டுமே இந்தத் தடயம் வேலை செய்யும். லேபிளில் முழுப் பெயர் இருந்தால் பிற்பட்டது என்று சந்தேகிக்கலாம். குறும்பெயர் இருந்தால் எதுவும் நிரூபணமாகாது, ஏனென்றால் அச்சகத்தில் கோத்து வைத்த எழுத்தை யாரும் காரணமில்லாமல் மாற்றுவதில்லை.

வட்டத்துக்குள் பி என்ற குறியோடு ஆண்டு போடும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் லேபிளில் அந்தக் காலத்திலேயே அது உண்டு, ஆனால் அது காட்டுவது ஒலிப்பதிவு முதன்முதலில் வெளியான ஆண்டை. பத்து ஆண்டு கழித்து மறுபடி அழுத்தினாலும் அதே 1969தான் நிற்கும். அமெரிக்காவில் ஒலிப்பதிவுக்குத் தனிப் பதிப்புரிமையே 1972 பிப்ரவரி 15 முதல்தான் வந்தது. அதனால் இந்தத் தட்டில் அந்தக் குறியைத் தேடிப் பயனில்லை.

அடுத்தது மேட்ரிக்ஸ் எண். பாட்டு முடிந்தபின் முள் சுற்றிக்கொண்டே நிற்கும் மொழுக்கைப் பகுதியில் கையாலோ முத்திரையாலோ பொறிக்கப்பட்டிருப்பது இது. தட்டை முகத்துக்கு நேரே பிடித்தால் தெரியாது. மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, தட்டை ஏறக்குறைய கிடையாகப் பிடித்துச் சுழற்றினால் எழுத்து எழுந்து நிற்கும். 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) இருந்தால் நல்லது. எண்ணின் கடைசியில் வரும் இலக்கம் எந்த வெட்டு (ஒலியைப் பள்ளமாகச் செதுக்கிய மூல வட்டு) என்பதைக் காட்டும். ஒன்று என்றால் முதல், மூன்று என்றால் பிந்தியது என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அமெரிக்க டெக்காவுக்கு நியூயார்க் மாநிலத்தின் க்ளோவர்ஸ்வில், இல்லினாய்ஸின் பிங்க்னிவில் என ஒன்றுக்கு மேற்பட்ட தொழிற்சாலை இருந்தது. ஒரே பாட்டுக்குப் பல வெட்டுகளை ஒரே வாரத்தில் எடுத்து, ஒவ்வோர் ஊருக்கும் ஒன்று அனுப்புவது சாதாரணம். ஆகவே ஓர் ஊரின் மூன்றாம் வெட்டு இன்னோர் ஊரின் முதல் வெட்டுக்குப் பிந்தியது என்று சொல்ல முடியாது. மேட்ரிக்ஸைக் குறித்து வைக்க வேண்டும், இரண்டு பிரதிகளை ஒப்பிட அது உதவும். ஆண்டைச் சொல்ல அதை மட்டும் நம்பக் கூடாது.

அப்படியானால் ஆண்டைச் சொல்வது எது? பெரும்பாலும் தரத்தைக் குறைக்கும் அழுக்குதான். வானொலி நிலைய நூலகத்தில் லேபிளின் மேல் அடித்த தேதி முத்திரை, முதல் உரிமையாளர் மையினால் எழுதிய "கிறிஸ்துமஸ் 69", இவை நியர் மின்ட்டை ஒரே அடியில் கீழே தள்ளும். ஆனால் முதல் அலைத் தட்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மை பழையதா என்று பார்க்க, எழுத்தின் மேலேயே தேய்மானம் ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும். தட்டுச் சுழலியின் நடுக்கம்பி உரசிய வெள்ளைக் கோடு மையையும் சேர்த்து அறுத்திருந்தால் எழுத்து முந்தியது. மை அந்தக் கோட்டுக்குள் இறங்கியிருந்தால் எழுத்து பிந்தியது. லேபிள் சுத்தமாக இருந்தால்தான் நல்ல பிரதி என்று நினைப்பவர்கள் இந்தத் தட்டை வாங்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

விளம்பரப் பிரதி, அதாவது "விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்டு வானொலிகளுக்கு அனுப்பியது, சாதாரணப் பிரதியைவிட முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் பாட்டு மறுபடி ஏறும்போது நிலையங்களுக்கு மறுபடி அனுப்புவதும் உண்டு. முத்திரைத் தேதியோடு சேர்ந்தால்தான் அது முழுச் சாட்சி.

உறை

அமெரிக்கப் பட உறையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். "ஜீசஸ் கிரைஸ்ட் என்ற ராக் ஆப்பரா, தற்போது தயாரிப்பில்" என்ற பொருளில் ஒரு வரி. இன்னொன்று லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் டீன் (தலைமைக் குரு) மார்ட்டின் சல்லிவன் எழுதிய சில வாக்கியங்கள்: இதைக் கேட்டு அதிர்ச்சி அடைபவர்கள் கேட்டுவிட்டு மறுபடி யோசிக்கட்டும் என்பது அதன் சாரம். தெய்வ நிந்தனை என்று கிளம்பும் சத்தத்தை முன்கூட்டியே தடுக்க ஒரு பாதிரியாரைக் கதவில் நிறுத்தியிருக்கிறார்கள். 

தயாரிப்பில் என்ற சொல்தான் இந்த உறையின் உயிர். 1970 அக்டோபருக்குப் பிறகு அந்த ஆப்பரா தயாரிப்பில் இல்லை, கடையில் இருந்தது. ஆகவே இந்த வரியை எழுதியது அதற்கு முன்தான். ஆனால் எழுதிய தேதியும் அச்சடித்த தேதியும் ஒன்றல்ல. மிச்சமிருந்த பழைய உறைகள் 1971 தட்டோடும் போயிருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் உறைமாற்றம். தட்டு உடைந்து உறை மட்டும் நல்லபடியாக இருக்கும். வேறு எங்கிருந்தோ நல்ல தட்டு ஒன்று கிடைக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துவிடுவார்கள். அதில் மோசடி எதுவும் இல்லை, சொல்லிவிட்டால்.

சேர்ந்தே வளர்ந்த ஜோடியா என்று பார்க்க உறையைக் கிடையான வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். 7 அங்குலத் தட்டின் உண்மையான விட்டம் 175 மி.மீ. அளவு. பல ஆண்டு உள்ளே இருந்த தட்டின் விளிம்பு உறையில் வட்டமாகப் பதிந்திருக்கும். உறையில் ஆழமான வளையத் தேய்மானம், உள்ளே கண்ணாடி போன்ற தட்டு என்றால் பொருந்தவில்லை. பழுப்பேறிய உறைக்குள் வெள்ளை லேபிள் விளம்பரப் பிரதி சிறிதும் நிறம் மாறாமல் இருந்தாலும் சந்தேகம்தான். முகர்ந்து பார்ப்பதும் பைத்தியக்காரத்தனமில்லை. ஈரமான நிலவறையில் கிடந்த உறையின் வாடை தட்டின் லேபிளிலும் இருக்கும்.

நகல் உறை செய்வது இன்று சுலபம். 10 மடங்கு லூப்பை எழுத்தின் ஓரத்தில் வைத்தால் தெரிந்துவிடும். அசல் ஆஃப்செட் அச்சில் கறுப்பு எழுத்து ஒரே மையில் அடர்த்தியாக, கத்தரித்த ஓரத்தோடு இருக்கும். ஸ்கேன் செய்து அச்சிட்ட நகலில் எழுத்தின் ஓரமெல்லாம் நிறப் புள்ளிகள் சிதறியிருக்கும், கறுப்புக்குள்ளேயே சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். டீனின் வாக்கியங்கள் சிறிய எழுத்தில் இருப்பதால் சோதனைக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம்.

பி பக்கம்

மறுபக்கத்தில் "ஜான் நைன்டீன் ஃபார்ட்டி ஒன்". குரல் கிடையாது, ஆர்கெஸ்ட்ரா மட்டும். யோவான் சுவிசேஷத்தின் 19ஆம் அதிகாரம் 41ஆம் வசனம்: சிலுவையில் அறையப்பட்ட இடத்தில் ஒரு தோட்டம், அதில் இதுவரை யாரையும் வைக்காத புதிய கல்லறை. இதே மெட்டுதான் பின்னால் இயேசு கெத்செமனே தோட்டத்தில் பாடும் பாட்டானது, இதே துண்டுதான் எல்பியின் கடைசியிலும் வருகிறது. ஆப்பரா எழுதி முடிக்கப்படாத நேரத்தில் அதன் முடிவு மட்டும் தட்டின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

சேகரிப்பவருக்கு இதில் நடைமுறைப் பயன் உண்டு. பெரும்பாலானோர் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டதே இல்லை. அதனால் பி பக்கம் பளபளப்பாக இருப்பது எதையும் நிரூபிக்காது. விற்பவர் ஒரே ஒரு படம் அனுப்பி அது பி பக்கமாக இருந்தால் ஏ பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒலி எங்கே கெடும், ஏன்

பாட்டு ஏறக்குறைய 4 நிமிடம் 15 விநாடி. 1969இல் சிங்கிளுக்கு இது நீளம். அதில் என்ன சிக்கல் என்பது கணக்குப் போட்டால் புரியும். நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் விநாடிக்கு முக்கால் சுற்று; 255 விநாடிக்கு 191 சுற்று. 7 அங்குலத் தட்டில் ஒலிப் பள்ளம் வெட்டக் கிடைக்கும் அகலம், 84 மி.மீ. ஆரத்திலிருந்து 54 மி.மீ. ஆரம் வரை, சுமார் 30 மி.மீ. ஒரு சுற்றுக்கு 0.16 மி.மீ. கூடக் கிடைக்காது. இரண்டரை நிமிடப் பாட்டாக இருந்தால் 0.27 மி.மீ. கிடைக்கும். இடம் குறைந்தால் வெட்டுபவர் ஒலி அளவைக் குறைக்க வேண்டும் அல்லது கீழ்ச்சுருதியைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பள்ளம் பக்கத்துப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும். ஒலி அளவு குறைந்தால் தூசியின் சத்தம் அதே அளவுக்கு முன்னால் வரும். இந்தத் தட்டில் சின்னக் கீறலும் பெரிதாகக் கேட்பதற்கு அதுதான் காரணம்.

உள்வட்டத்துக்குப் போகப் போக முள்ளுக்கடியில் ஓடும் வேகம் குறைகிறது. வெளி விளிம்பில் விநாடிக்கு 396 மி.மீ.; கடைசிச் சுற்றில் 254 மி.மீ. அதே நேரத்தில் பாட்டு அடங்கவில்லை. யூதாஸ் கேள்வி கேட்கும் இடங்களில் பின்னணி ஒதுங்கி நிற்கிறது. பல்லவியில் பாடகர் குழுவும் பித்தளைக் கருவிகளும் சேர்ந்து ஏறுகின்றன. அந்தக் கனமான பல்லவி மறுபடி மறுபடி வந்து உள்வட்டத்தில்தான் முடிகிறது. தேய்ந்த முள்ளோடு, முள்ளைத் தாங்கும் கனமான தண்டோடு நூறு தடவை ஓட்டிய தட்டில் முதலில் கிழிவது அங்கேதான்: "ஸ" ஒலி கரகரக்கும், குழுவின் குரல் சல்லடை வழியாக வருவதுபோலிருக்கும். இதைக் கழுவிப் போக்க முடியாது. பள்ளத்தின் சுவரே தேய்ந்துவிட்டது.

ஆகவே கடையில் கேட்டு வாங்க ஒரு நிமிடம்தான் தருவார்கள் என்றால் அதைத் தொடக்கத்தில் செலவழிக்கக் கூடாது. முள்ளை நடுவில் இறக்கி, ஹெட் தனியாகப் பாடும் இடத்தில் 15 விநாடி கேட்க வேண்டும். கிளிக் சத்தம் அங்கே தெரியும். பிறகு கடைசி 40 விநாடி. தேய்மானம் அங்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் காதுக்குத் தெரியும், கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும் மெல்லிய கீறல் பல நேரம் காதுக்குத் தெரியவே தெரியாது.

அமெரிக்கத் தட்டின் நடுத்துளை 38 மி.மீ. அதற்குள் போடும் அடாப்டர் தளர்வாக இருந்தால் தட்டு மையம் விலகிச் சுற்றும். அரை மி.மீ. விலகினாலே கடைசிச் சுற்றில் சுருதி ஏறக்குறைய ஒரு சதவீதம் மேலும் கீழும் அலையும். நீண்ட ஸ்வரம் பிடிக்கும் வயலின்களில், அதாவது குறிப்பாக பி பக்கத்தில், காது கூசும். தட்டு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. தட்டு சுற்றும்போது தண்டின் தலையைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இடம் வலமாக ஆடினால் அடாப்டரைச் சற்றுத் திருப்பி, தட்டை விரலால் தள்ளி, ஆட்டம் குறையும் இடத்தில் நிறுத்தலாம். மலிவான பிளாஸ்டிக் அடாப்டரைவிடக் கடைந்து எடுத்த உலோக அடாப்டர் இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கத் தகும். பிரிட்டிஷ் தட்டில் சிறிய துளை. நடுப்பகுதியை ஜூக்பாக்ஸுக்காகத் தள்ளி எடுத்திருந்தால் இதே பிரச்சினை, விலையும் இறங்கும்.

முள் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். 18 மைக்ரான் உருண்டை முள், 2 கிராம் அழுத்தம் போதும்.

கழுவுதல்

முதலில் தட்டு வினைலா ஸ்டைரீனா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் சிங்கிளை ஸ்டைரீனில் வார்த்தன. ஸ்டைரீன் கெட்டி, வளையாது, நகத்தால் தட்டினால் "டிக்" என்று கூர்மையாக ஒலிக்கும், லேபிள் பெரும்பாலும் மேலே ஒட்டப்பட்டிருக்கும். வினைலில் லேபிள் தட்டோடு சேர்த்தே அழுத்தப்பட்டிருக்கும். ஸ்டைரீனுக்கு ஆல்கஹால் வேண்டாம்.

வினைலுக்கு: டிஸ்டில்டு வாட்டர் 400 மி.லி., 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி., ஃபிலிம் கழுவப் பயன்படும் ஈரப்படுத்தும் திரவம் பத்துச் சொட்டு. ஒரு பக்கத்துக்கு 3, 4 மி.லி. போதும். லேபிளிலிருந்து ஒரு செ.மீ. தள்ளியே ஊற்ற வேண்டும். மென்மையான தூரிகையைப் பள்ளத்தின் போக்கிலேயே, வட்டமாக, இரண்டு நிமிடம் ஓட்ட வேண்டும்; குறுக்கே தேய்க்கக் கூடாது. மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிட்டு, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை கழுவி, மறுபடி துடைத்து, செங்குத்தாக நிறுத்தி ஒரு மணி நேரம் உலரவிட வேண்டும். இரண்டாவது கழுவலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சோப்புப் படலம் பள்ளத்தில் உலர்ந்து நின்றுவிடும், அடுத்த முறை ஓட்டும்போது முள்ளில் வெள்ளை மாவாக ஒட்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. கெண்டியில் படியும் அதே உப்பு பள்ளத்திலும் படியும்.

விலைச் சீட்டை உறையிலிருந்து நகத்தால் உரித்தால் அச்சும் சேர்ந்து வரும். தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் 20 செ.மீ. தள்ளி அரை நிமிடம் காட்டி, மெல்லத் தூக்க வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சீட்டுள்ள உறை கிழிந்த உறையைவிட நல்லது. அதில் கடையின் பெயரோ தேதியோ இருந்தால் தொடவே வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

வைப்பதற்குப் பாலிஎத்திலீன் உள்ளுறை, பாலிபுரொப்பிலீன் வெளியுறை. பிவிசி உறை நாளடைவில் ஆவி விட்டுத் தட்டின் மேல் பனிபோலப் படியும். அது வெளிப்பூச்சு அல்ல, துடைத்தாலும் போகாது. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் அதைவிடப் பெரிய பகை பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. முடியாதவர்கள் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காயவைத்து மாற்றலாம்.

தரச் சொற்கள்

அமெரிக்க விற்பனையாளர்கள் பெரும்பாலும் கோல்ட்மைன் என்ற சேகரிப்போர் இதழின் அளவுகோலைப் பின்பற்றுகிறார்கள்: மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, அதற்குக் கீழே குட். பிரிட்டிஷ்காரர்கள் ரெக்கார்ட் கலெக்டர் இதழின் அளவுகோல்: மின்ட், எக்ஸலன்ட், விஜி. பிரிட்டிஷ் எக்ஸலன்ட் அமெரிக்க விஜி பிளஸுக்கு அருகில் வரும். விஜி என்பதன் விரிவு "மிக நல்லது". ஆனால் கோல்ட்மைன் கணக்கில் அது நியர் மின்ட் விலையில் கால் பங்கு; விஜி பிளஸ் பாதி. சொல்லைத் தமிழில் பெயர்த்துப் புரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம்தான். ஐம்பது வருடத்துக்கு முந்தைய, மலிவாக விற்ற, பிள்ளைகள் கையில் புழங்கிய ஒரு தட்டு நியர் மின்ட்டாக இருப்பது அபூர்வம். ஓட்டிக் கேட்டுத் தரமிட்டதா, கண்ணால் பார்த்து மட்டுமா என்று விசாரிக்காமல் அந்தச் சொல்லுக்குப் பணம் தர வேண்டாம்.

தேடும்போது இன்னொரு எச்சரிக்கை. 1971இலேயே கார்பென்டர்ஸ் பாடிய "சூப்பர்ஸ்டார்" வந்து பெரிய வெற்றி பெற்றது. அது முற்றிலும் வேறு பாட்டு, ஆப்பராவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1973 படத்தில் யூதாஸாகப் பாடியவர் கார்ல் ஆண்டர்சன், மரே ஹெட் இல்லை. பாடகர் பெயர் இல்லாமல் "சூப்பர்ஸ்டார் 45" என்று மட்டும் போட்ட விளம்பரத்தில் இந்த மூன்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

தொடக்கத்தில் பார்த்த விளம்பரத்தை நேர்மையாக எழுதினால் இப்படி இருக்கும்:

"மரே ஹெட், டிரினிடாட் சிங்கர்ஸ். சூப்பர்ஸ்டார் / ஜான் நைன்டீன் ஃபார்ட்டி ஒன். அமெரிக்க டெக்கா 732603, வினைல், நேர்ப்பட்டை லேபிள். அழுத்திய காலம் 1969 முதல் 1972 வரை. அதற்குள் எந்த ஆண்டு என்பதற்குத் தட்டில் சாட்சியம் இல்லை. இரு பக்க மேட்ரிக்ஸும் படத்தில். பட உறை அசல், 'தற்போது தயாரிப்பில்' வரி உள்ளது, மேல் மடிப்பில் 2 செ.மீ. கிழிசல், வளையத் தேய்மானம் லேசாக. தட்டோடு முதலிலிருந்தே இருந்ததா தெரியாது. ஏ பக்கம் ஓட்டிப் பார்த்தது: விஜி பிளஸ், கடைசிப் பல்லவியில் சற்றுக் கரகரப்பு. பி பக்கம் சுத்தம், யாரும் கேட்டதாகத் தெரியவில்லை."